பழைய சாக்ஸபோனுக்குக் கழுத்து

கதவை இழுத்துச் சாத்திடுங்க சார். ரோட்டுச் சத்தத்துல உள்ள ஒண்ணும் காதுல விழாது. அப்படித் தள்ளாதீங்க, அது பக்கவாட்டுல ஓடுற கதவு. பிடியை நல்லா அழுத்திப் பிடிச்சு இழுங்க. வரும், வரும்... ஆங், அவ்வளவுதான். எல்லாரையும் ஒரு தடவை படுத்தும், அப்புறம் வழிக்கு வந்துடும். கையில ஒண்ணும் ஒட்டலியே? பச்சைப் பெயிண்ட் மறுபடி அடிச்சு ஒரு மாசம் ஆச்சு, வெயில் பட்டா இன்னும் பிசுபிசுங்குது.

உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஆமா, நான்தான் போன்ல பேசினது. ஆம்பளைக் குரல் மாதிரியா இருந்துச்சு? போன்ல அப்படித்தான் இருக்கும், தொண்டை கட்டின குரல் எனக்கு. வாசல்ல வந்து நின்னுகிட்டு, ரிப்பேர் பண்றவர் இல்லையாம்மான்னு என்கிட்டயே கேப்பாங்க. வெளிய போயிருக்கார், வச்சுட்டுப் போங்கன்னு சொல்லிடுவேன். மறுநாள் வந்து, அவருக்கு என் நன்றியைச் சொல்லிடுங்கன்னு சொல்லிட்டுப் போவாங்க. நானும் சொல்லிடுவேன், எனக்கே.

கேஸை மேஜை மேல வைங்க. மெதுவா, மெதுவா. அட, இன்னும் அதே கேஸ்தானா? இல்ல சார், கேஸ் பழசா இருக்கேன்னு சொன்னேன். ஓரமெல்லாம் தேஞ்சு போச்சு, இந்தக் கொக்கியில கம்பி சுத்தி வச்சிருக்கு. கம்பி சுத்தினது நீங்களா? தெரியலையா. சரி விடுங்க.

கழுத்தா? வாய் வச்சு ஊதுற அந்த மேல் வளைகுழாய்தானே, இருக்கு சார், இருக்கு. இல்லாமலா ஆறு மணி நேரம் ரயில்ல வரச் சொல்லுவேன்? பத்திரிகையில நீங்க போட்டிருந்த அதே எண். கடைசி மூணு, ஏழு நாலு ரெண்டு. என் கண்ணால பாத்தேன், கையால தொட்டுப் பாத்தேன், போதுமா? இந்தக் கடையை விட்டு அது எங்கயும் ஓடிப் போகாது. ஆனா முதல்ல உடம்பைப் பாத்துடறேன். உடம்புல காத்து ஒழுகிச்சுன்னா, எந்தக் கழுத்தை மாட்டி என்ன பிரயோஜனம்? நாளன்னைக்கு ஸ்டூடியோவுல பதிவுன்னு சொன்னீங்கல்ல. அங்க போய் மூக்கு உடைபடறதுக்கு இங்கயே பாத்துடலாம்.

அந்தத் திரையைக் கொஞ்சம் இழுத்து விடுறீங்களா? இருட்டா இருந்தாத்தான் தெரியும். இந்தச் சின்ன பல்பைக் குழாய்க்குள்ள இறக்குறேன், பாருங்க. எல்லா மூடியும் சரியா உக்காந்துதுன்னா வெளிச்சம் வெளிய வரக் கூடாது. இங்க பாருங்க, ஒரு கீத்து. இங்க இன்னொண்ணு. கீழ, இதோ. மூணு இடத்துல ஒழுகுது. கீழ் ஸ்வரம் எடுக்கும்போது கர்ர்னு தொண்டையில சளி கட்டின மாதிரி வருமே? வருதுல்ல? வராம எப்படி இருக்கும்.

மூடிக்கு அடியில இருக்கிற இந்தப் பேட் மூணும் நான் அனுப்பினதுதான் சார். என்ன அப்படிப் பாக்கறீங்க? வட்டமா வெட்டின தோலு, உள்ள கம்பளி வச்சு, பழுப்புக் காகிதத்துல சுத்தி, தபால் பெட்டி எண் மட்டும் போட்டுப் பார்சல் வருமே, அது என் கைவேலைதான். பதினோரு வருஷமா உங்களுக்கு நான்தான் அனுப்பிட்டிருக்கேன். பேட், ஸ்பிரிங், தக்கை, உருளை எல்லாமே. பழைய மாடலுக்கு வேற எங்க கிடைக்குது சொல்லுங்க. நன்றியா? ஐயோ வேணாம் சார், நீங்க நன்றி சொன்னா எனக்குச் சிரிப்பு வந்துடும்.

சாவிகளைக் கழட்டப் போறேன். ஒவ்வொரு திருகாணியும் இந்தத் தட்டுல வரிசையா போகும், தட்டைத் தொடாதீங்க. ஒண்ணு உருண்டுச்சுன்னா நாம ரெண்டு பேரும் தரையில தவழணும். இனிமே அரை மணி நேரத்துக்கு நீங்க எங்கயும் ஓட முடியாது, வாத்தியம் என் கையில துண்டு துண்டா இருக்கு. சும்மா சொன்னேன் சார், சிரிங்க.

போன பதிவுல என்ன சொன்னாங்க? மேல போகப் போகச் சுருதி ஏறுதுன்னு சொன்னாங்களா. அந்த இன்ஜினியருக்கு நல்ல காது. மத்தவங்கல்லாம் உங்க முகத்துக்காகச் சும்மா இருந்திருப்பாங்க. நீங்க உதட்டை இறுக்கி, தளர்த்தி, எப்படியோ ஒப்பேத்திட்டு வந்திருக்கீங்க, இத்தனை வருஷமா. தாடை வலிக்குமே? பின்ன. இது வேற எதோ வாத்தியத்தோட கழுத்து சார். விட்டம் சரியா இருக்கு, மாட்டினா உக்காருது, ஆனா உள்ள குழாய் விரியுற கணக்கு வேற. இதோட எத்தனை கழுத்து மாத்தினீங்க? நாலா. நாலும் அப்படித்தான் இருக்கும். இந்த மாடல்ல ஒரு உடம்புக்கு ஒரு கழுத்துதான். அதனாலதான் கம்பெனிக்காரன் ரெண்டுலயும் ஒரே எண்ணை அடிச்சு அனுப்பியிருக்கான்.

அது சரி, அசல் கழுத்து எப்படித் தொலைஞ்சுது?

திருடிட்டானா? யாரு? கூட வாசிச்சவனா. அடப் பாவமே. பேரு என்ன சார் அவன்? ஞாபகம் இல்லையா. பேர்கூட ஞாபகம் இல்ல. ம்ம். இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல, திருகாணி கையில வழுக்கிச்சு. பேட்டை எடுக்கணும்னா அரக்கைச் சூடு பண்ணி இளக்கணும், கொஞ்சம் நேரம் ஆகும். சும்மா உக்காந்திருந்தா உங்களுக்கும் போர் அடிக்கும். நான் ஒருத்தன் கதையைச் சொல்லட்டுமா?

ஒரு அண்ணன், ஒரு தங்கச்சி, ஒரு அம்மா. ரெண்டே ரூம். அண்ணன் ஒரு ஹோட்டல் பேண்ட்ல சாக்ஸபோன் வாசிச்சான். கலைஞ்சு போன ஒரு பேண்ட்ல இருந்து பழைய வாத்தியம் ஒண்ணு வாங்கினான். ரசீது கிசீது ஒண்ணும் கிடையாது, கை மாறின சாமான். வீட்டுல யாரும் அதுகிட்ட போகக் கூடாது. அம்மா கேப்பாங்க, அதுக்குச் சோறு ஊட்டலியாடான்னு. அவன்கிட்ட ஒரு பழக்கம். வாசிச்சு முடிச்சதும் கழுத்தை மட்டும் தனியா கழட்டி, துடைச்சு, ஒரு பழைய காலுறைக்குள்ள போட்டுத் தன்கூடவே வச்சுப்பான். கேஸுக்குள்ள வச்சா இடிச்சுக்கும், நசுங்கும்னு பயம். படுக்கும்போதும் தலையணைக்கு அடியில இருக்கும். அந்தக் காலுறை நாறுதுன்னு தங்கச்சி சண்டை போடுவா.

அவனுக்கு நெஞ்சுல சீக்கு வந்துச்சு. அஞ்சு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தான். அங்க போகும்போதும் காலுறை கூடவே போச்சு. ஊதக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சும்மா கையில வச்சுப் பாத்துட்டிருக்கேன் டாக்டர்னு சொல்லுவானாம்.

அப்போ ஒரு நாள் வீட்டுக்கு ஒருத்தர் வந்தாரு. கூட வாசிக்கிறவர், வெள்ளைச் சட்டை, மழிச்ச முகம். ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு வாத்தியம் வேணும், உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், ஞாயித்துக்கிழமை கொண்டாந்து வச்சிடறேன்னாரு. அம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க. வீட்டுல தங்கச்சி மட்டும்தான், பதினெட்டு வயசு. கேஸை எடுத்துக் குடுத்துட்டா. குடிக்கத் தண்ணியும் குடுத்தா சார். அவர் அவ முகத்தைப் பாக்கவே இல்ல, கேஸைத்தான் பாத்தாரு. கொக்கி விட்டுப் போயிருந்துச்சு. இருங்கன்னு சொல்லி, ஒரு கம்பியை எடுத்து அவளே சுத்திக் குடுத்தா.

உக்காருங்க சார். எங்க போறீங்க? வாத்தியம் பாதி பிரிஞ்சு கிடக்கு. இதை இப்படியே அள்ளிட்டுப் போனா உங்களால பூட்ட முடியாது. உங்களால என்ன, இந்த ஊர்லயே யாராலயும் முடியாது. உக்காருங்க. தண்ணி வேணுமா? அன்னைக்கு மாதிரியே ஒரு டம்ளர் தரேன்.

ஆமா. நான்தான் அந்தத் தங்கச்சி. இப்போ முகத்தைப் பாருங்க, அப்போதான் பாக்கலியே.

எந்த ஞாயித்துக்கிழமையும் வரல நீங்க. அண்ணன் எழுந்து நடக்க ஆரம்பிச்சதும் உங்களைத் தேடி வந்தான். என் வாத்தியம் அது, உன்னுது எங்கயோ இருக்கும் போய்த் தேடுன்னு சொன்னீங்களாமே. நாக்குல நரம்பே இல்லாம எப்படிச் சொன்னீங்க? அவன் பைத்தியக்காரன், சந்தோஷமா வீட்டுக்கு ஓடி வந்தான். கழுத்து என்கிட்ட இருக்குடி, அதுல எண் இருக்கு, ரெண்டையும் பக்கத்துல வச்சுக் காட்டினா முடிஞ்சுதுன்னான். வாத்தியக்காரங்க சங்கத்துல முறையிட்டான். கூட்டம் போட்டாங்க. நானும் போயிருந்தேன், கடைசி வரிசையில நின்னுட்டிருந்தேன். அண்ணன் காலுறையில இருந்து கழுத்தை எடுத்து மேஜை மேல வச்சான். உடம்புல ஏழு நாலு ரெண்டு, கழுத்துல ஏழு நாலு ரெண்டு. எல்லாரும் எட்டிப் பாத்தாங்க. எனக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு.

நீங்க எழுந்து என்ன சொன்னீங்க? அது ஞாபகம் இருக்கா, அதுவும் மறந்துடுச்சா? பாத்தீங்களா, எண் ஒத்துப் போகுது, இது என் வாத்தியத்தோட கழுத்துதான், இதைத்தான் மாசக் கணக்கா தேடிட்டிருந்தேன், திருடினவன் அவனே கொண்டாந்து வச்சிட்டான்னீங்க. ஒரு ரசீதையும் எடுத்து நீட்டினீங்க. அந்த ரசீதுல மை இன்னும் காஞ்சிருக்காது. சங்கத் தலைவர் உங்க மாமனார். வேற என்ன நடக்கும்? எந்தச் சாட்சியை நம்பிப் போனானோ, அதே சாட்சி அவனைத் திருடனாக்கிடுச்சு. கழுத்தை இவர்கிட்ட ஒப்படைச்சுட்டு மன்னிப்பு கேளுன்னாரு உங்க மாமனார். அண்ணன் கழுத்தை எடுத்துக் காலுறையில போட்டுகிட்டு வெளிய நடந்தான்.

அப்புறம் போலீஸ் வந்துச்சு. பீரோ, படுக்கை, அடுப்படி எல்லாத்தையும் கலைச்சாங்க. அம்மா சுவரோரமா நின்னு பாத்துட்டிருந்தாங்க. கழுத்து எங்க இருந்துச்சு தெரியுமா? தண்ணித் தொட்டிக்குள்ள. நான்தான் போட்டேன். அண்ணனுக்கே தெரியாது. அவனை மூணு நாள் வச்சிருந்து அனுப்பினாங்க. அதுக்கு அப்புறம் எந்தப் பேண்ட்லயும் அவனைச் சேக்கல. கழுத்துத் திருடன்னு பேர் வச்சுட்டீங்க. உங்களுக்கு அவன் பேர் ஞாபகம் இல்லாம போனதுல ஆச்சரியமே இல்ல, நீங்க யாருமே அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடலியே.

இருங்க, இந்தப் பேட்டை வச்சுடறேன். பேசிட்டே இருந்தா அரக்கு இறுகிடும்.

அதே ஆஸ்பத்திரியில லிஃப்ட் ஓட்டுற வேலை கிடைச்சுது அவனுக்கு. எட்டு மாடி. பன்னண்டு வருஷம் ஒரு ஸ்டூல்ல உக்காந்து மேல கீழ போய்ட்டு வந்தான். மாடிக்கு மாடி ஒரு ஸ்வரம் பாடுவான், வாய்க்குள்ளயே. கீழ் மாடி ச, அடுத்தது ரி, எட்டாவது போனா மேல் ச. நோயாளிங்க சிரிப்பாங்க. ஒரு நாள் அந்த லிஃப்ட்ல யாரோ ரேடியோ வச்சிருந்தாங்க, நீங்க வாசிச்சிட்டிருந்தீங்க. வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்றான், ஏழாவது மாடியில அவனுக்குச் சுருதி இடிக்குதுடி, கழுத்து இல்லாம ரொம்பக் கஷ்டப்படுறான் பாவம்னு. பாவமாம்! உன் வாழ்க்கையைப் புடுங்கிட்டுப் போனவன்டா அவன், உனக்கு அவன் மேல பாவமான்னு கத்தினேன். அவன் இல்லடி, வாத்தியம்னான்.

நான் அதுக்குள்ள ஒரு ரிப்பேர் கடையில வேலைக்குச் சேந்திருந்தேன். ஏன் சேந்தேன்? ஒரு சாக்ஸபோன் யாரோடதுன்னு எப்படி நிரூபிக்கிறதுன்னு தெரிஞ்சுக்கத்தான். நிரூபிக்க வழி எதுவும் இல்லன்னு தெரிஞ்சுது. ஆனா ஒரு சாக்ஸபோனை எப்படி அரைகுறையா வச்சிருக்கறதுன்னு நல்லாவே கத்துகிட்டேன். அண்ணன் செத்த அடுத்த வருஷம் பத்திரிகையில உங்க விளம்பரம் வந்துச்சு, பேட் வேணும்னு. அன்னைக்கு ஆரம்பிச்சேன்.

ஆமா, வேணும்னேதான். தலைமுடி அளவு தடிமன் கூட வச்சு வெட்டினேன். பின்பக்கம் முதல்ல உக்காரும், முன்பக்கம் ஒரு நூல் இடைவெளி விடும், காத்து ஒழுகும். ஸ்பிரிங்கை லேசா நெருப்புல காட்டி அனுப்பினேன். மூணு மாசம் ஜோரா இருக்கும், அப்புறம் சோந்து போயிடும். நீங்க மறுபடி எழுதுவீங்க. நான் ஒண்ணைச் சரியா அனுப்பி, இன்னொண்ணைக் கெட்டதா அனுப்புவேன். மேடையில பாதி வாசிப்புல நீங்க குனிஞ்சு சாவியை நோண்டுறதை ரெண்டு தடவை டிக்கெட் எடுத்து வந்து பாத்தேன். முதல் வரிசையிலயே உக்காந்திருந்தேன். அப்பவும் என் முகத்தைப் பாக்கல நீங்க.

வேற யாரோட வாத்தியத்துக்கும் நான் இப்படிப் பண்ணதில்ல. வேணும்னா யார்கிட்ட வேணா விசாரிங்க. இந்த உடம்புகிட்ட மட்டும் மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டுக்குவேன், ஒவ்வொரு பார்சலுக்கும்.

பணத்தை உள்ள வைங்க சார். அசிங்கமா இருக்கு.

நிரூபிக்க என்ன இருக்குன்னு கேக்கறீங்களா? ஒண்ணும் இல்ல. நான் யார்கிட்டயும் போகல. உங்க மாமனாரும் இல்ல, எங்க அம்மாவும் இல்ல, அண்ணனும் இல்ல. யாருக்காக நிரூபிக்கணும்? இந்த உடம்பை இப்படியே இங்க வச்சுக்கலாம்னுகூட நினைச்சேன், நீங்க ரயிலேறி வர்ற வரைக்கும் நினைச்சுட்டிருந்தேன். அப்புறம் யோசிச்சேன், வேணாம், உங்ககிட்டயே இருக்கட்டும்.

இதோ, முடிஞ்சுது. பல்பை இறக்குறேன் பாருங்க. எங்கயாவது வெளிச்சம் வருதா? ஒரு ஊசி முனை அளவுகூட வராது. நான் அனுப்பின கெட்டதையெல்லாம் எடுத்துட்டேன். பேட் புதுசு, ஸ்பிரிங் புதுசு, தக்கை புதுசு. அண்ணன் வச்சிருந்தப்போகூட இவ்வளவு சுத்தமா இருந்ததில்ல. இனிமே உடம்பு மேல குத்தம் சொல்ல முடியாது. பேட் சரியில்ல, தபால்ல வந்த சாமான் சரியில்லன்னு யார்கிட்டயும் சொல்ல முடியாது. நாளன்னைக்குப் பதிவுல சுருதி இடிக்கும்போது எதனால இடிக்குதுன்னு உங்க ஒருத்தருக்கு மட்டும் தெரியும். தினமும் எடுத்து ஊதுங்க.

கெஞ்சாதீங்க. எழுந்திரிங்க சார், தரை அழுக்கா இருக்கு. வயசாச்சு உங்களுக்கு, இதுதான் கடைசிப் பதிவா இருக்கும்னு சொல்றீங்க, புரியுது. அந்தப் பதிவு ஒண்ணாவது சரியா வரணும். எனக்குப் புரியாதா? அண்ணனுக்கு ஒரு பதிவுகூட இல்ல.

அண்ணன் என்ன சொன்னான்னு கேளுங்க. கடைசி வாரம் சரியா பேச முடியல, பாதி மூச்சாத்தான் வந்துச்சு. காலுறையை என் கையில வச்சு மூடினான். இதைக் கொண்டு போய் அவன் கையில குடுத்துடு, வாத்தியம் முழுசா இருக்கணும்னான். சரின்னு சொல்லிடுன்னு கண்ணாலயே கேட்டான். சரிண்ணான்னு சொன்னேன். சாகப் போறவன்கிட்ட வேற என்ன சொல்றது?

அவன் நல்லவன் சார். நான் அப்படி இல்ல.

அஞ்சு வருஷம் அந்தக் காலுறையை அப்படியே வச்சிருந்தேன். அப்புறம் இந்தக் கடையை எடுத்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு, கதவுக்கு மட்டும் உள்பக்கம் பிடி இல்ல. இரும்புக் கடைக்காரன் நாலஞ்சு பிடி கொண்டாந்து காட்டினான், ஒண்ணும் எனக்குப் பிடிக்கல. உக்காந்து ரொம்ப நேரம் யோசிச்சேன். கழுத்து மேல இருந்த குட்டிச் சாவியைக் கழட்டினேன், உள்ள ஈயத்தைக் காய்ச்சி ஊத்தினேன், ரெண்டு முனையிலயும் துளை போட்டேன். அழுதுகிட்டேதான் போட்டேன். இனிமே உலகத்துல எந்த ரிப்பேர்காரனும் அதைத் திரும்பச் சரி பண்ண முடியாது, நானே சொல்றேன். நாலு திருகாணியை வச்சு முடுக்கிட்டு, மேல பச்சைப் பெயிண்ட் அடிச்சேன். கை வைக்க வளைவா, கச்சிதமா இருக்குன்னு வர்றவங்கல்லாம் சொல்றாங்க.

அண்ணன் உங்க கையில குடுக்கத்தானே சொன்னான்? குடுத்துட்டேன். வந்ததும் நல்லா அழுத்திப் பிடிச்சு இழுத்தீங்களே.

கேஸை மறந்துடாதீங்க. கொக்கியில கம்பியைப் புதுசா சுத்தி வச்சிருக்கேன். பாத்துப் போங்க, ரயிலுக்கு நேரமாச்சு. பெயிண்டை நகத்தால சுரண்டிப் பாருங்க, கீழ் வளைவுல ஏழு நாலு ரெண்டு தெரியும். என்ன சார், கையை எடுத்துட்டீங்க? அந்தக் கதவுக்கு வேற பிடி கிடையாது. வெளிய போகணும்னா அதைத்தான் பிடிச்சு இழுக்கணும்.